ஒன்பது வயர்களும் ஒரு மூடியும்

எங்கள் கட்டடத்தில் வீடுகள் முப்பத்திரண்டு, லிஃப்ட் ஒன்று. தரைத்தளம் போக ஏழு மாடிகள். நாங்கள் நான்காவது மாடி. அந்த லிஃப்ட் இரண்டரை வருடத்தில் நூற்று நாற்பத்து மூன்று முறை நின்றது. இதைச் சொன்னால் டெல்லியின் இந்தத் துவாரகாவில் ஒருவரும் நம்பியதில்லை. "அப்பப்ப நிக்கும், அங்கிள்ஜி" என்பார்கள். எண்ணத் தெரியாதவர்களுக்கு உலகத்தில் எல்லாமே அப்பப்பதான்.

நான் எண்ணினேன். நின்ற தேதி, நின்ற நேரம், திரும்ப ஓடிய நேரம், எந்த மாடியில் நின்றது, உள்ளே எத்தனை பேர் என்று ஐந்து பத்தி. முதலில் நோட்டில்தான் எழுதிவந்தேன். பெங்களூரில் இருக்கும் மகன் ஒருமுறை வந்தபோது, "கம்ப்யூட்டர்ல போடுங்கப்பா, தேட ஈஸி" என்றான். மூன்று நோட்டையும் அட்டவணையாக அடித்து முடித்து, பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். முப்பத்து நான்கு வருடம் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன், மூலத்தை அழித்துவிட்டு நகலை மட்டும் வைத்துக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அது. மகன் பேச்சைக் கேட்டதும் அநேகமாக அந்த ஒரு முறைதான்.

அந்த அட்டவணை எதற்கு என்றால், தசராவுக்கு அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்குக் கட்டடக் கூட்டம். லிஃப்டை மாற்றுவதா, பழையதையே ஒட்டுப்போட்டு ஓட்டுவதா என்று அதில் கை தூக்க வேண்டும். என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் எதிர்த்தெருவில் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். லிஃப்ட் நின்றால் போக முடியாது. போனபின் நின்றால் வர முடியாது. ஒருமுறை கீழே காவலாளியின் நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு மேலே வந்ததும் சொன்னாள்:

"ஏனுங்க, இந்த மீட்டிங்கு வரைக்கும் பாக்கறேன். மாத்தறோம்னாங்கன்னா இருக்கறேன். இல்லைன்னா கோயமுத்தூர்ல மக வீட்டுக்குப் போயிடறேன். அங்க எல்லாம் கீழ்வீடு. நீங்க இங்கயே உக்காந்து எண்ணிட்டு இருங்க."

மிரட்டல் இல்லை. அவள் மிரட்டி நான் பார்த்ததில்லை. பெட்டி கட்டித்தான் பார்த்திருக்கிறேன்.

புதன்கிழமை சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு கம்ப்யூட்டரையும் பூஜையில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மற்ற வீடுகளில் மானிட்டர் மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டுக் கைகழுவிவிடுகிறார்கள். இந்தச் சோம்பேறித்தனத்துக்குப் பூஜை என்று பெயர். நான் எல்லா வயரையும் கழற்றி, பெட்டியின் முதுகு வரை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, பலகை மேல் தூக்கி வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவேன். அன்று முழுக்கத் தொடுவதில்லை. மறுநாள் விஜயதசமி காலையில்தான் மறுபடி பூட்டுவது.

வயர்கள் ஒன்பது. பெட்டிக்கு மின்சாரம், மானிட்டருக்கு மின்சாரம், இரண்டுக்கும் நடுவே படம் கொண்டுபோகும் வயர், கீபோர்டு, மவுஸ், பிரிண்டருக்கு இரண்டு, ஸ்பீக்கர், இண்டர்நெட். கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் காகிதத் துண்டு ஒட்டி ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டேன். அந்தந்த வயர் அதற்கேற்ற துளையில்தான் நுழையும் என்பதால் துளைகளுக்கு எண் போடவில்லை.

வியாழன் காலை ஒன்பது வயரும் பூட்டினேன். எண்ணிப் பார்த்தேன். ஒன்பதும் உள்ளே. பொத்தானை அழுத்தினேன். பெட்டிக்குள் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. பிறகு சிக்னல் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டது. எட்டுத் தடவை அணைத்துப் போட்டேன். எட்டுத் தடவையும் அதே வரி.

அந்த நேரத்தில் பலகை மேலிருந்த பூவை எடுத்துக்கொண்டிருந்த மனைவி, "இது எதோட மூடிங்க?" என்று கேட்டாள். விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் மூடி.

"ஏதாவது மருந்து பாட்டிலோடது. தூக்கிப் போடு."

அவள் எதையும் தூக்கிப்போடுவதில்லை. மேசையில் இருந்த கிளிப் டப்பாவில் போட்டாள்.

மகனைக் கூப்பிட்டேன். மாதச் சம்பளத்துக்குக் கம்ப்யூட்டரோடு மாரடிப்பவன். இந்தப் பெட்டியே அவன் காலேஜில் படித்தபோது கேம் ஆடுவதற்கென்று ஏதேதோ கூடுதலாகச் சேர்த்து வாங்கி, ஆடித் தீர்த்து, என் தலையில் கட்டிவிட்டுப் போனதுதான்.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களாப்பா?"

"எட்டுத் தடவை."

"வயர் எல்லாம் சரியா இருக்கா?"

"ஒன்பது. ஒன்பதும் உள்ள இருக்கு."

"அச்சா, கேபிள் லூஸா இருக்கும்பா. டைட்டா அழுத்துங்க. எனக்கு ஒரு கால் வருது, அப்புறம் பேசறேன்."

டெல்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் தமிழ் இவ்வளவுதான். கம்ப்யூட்டர் அறிவும் இவ்வளவுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. அப்புறம் என்பது அன்று இரவு வரை வரவில்லை.

மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "லிஸ்ட்டு இல்லாட்டி என்னங்க, நூத்தி நாப்பத்திமூணுன்னு வாயிலயே சொல்லிப்போடுங்க" என்றாள்.

வாயால் எண் சொல்பவர்களை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். காட்ட முடியாத எண்ணைச் சொல்பவனுக்கும் பொய்யனுக்கும் வித்தியாசம் கிடையாது. அதிலும் எங்கள் கட்டடத்துச் செக்ரட்டரி, லிஃப்ட் பராமரிக்கும் காண்டிராக்டரின் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தார். அதில் இரண்டரை வருடத்துக்கு ஒன்பது பழுது என்று எழுதியிருந்தது. முத்திரை குத்திய ஒன்பதுக்கு முன்னால் வாயால் சொன்ன நூற்று நாற்பத்து மூன்று நிற்காது.

தசரா என்பதால் அன்று கடை எதுவும் கிடையாது. மைதானத்தில் ராவணனைக் கட்டி நிறுத்திவிட்டுக் காலையிலிருந்தே மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மார்க்கெட்டிலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். இரண்டு செல்போன், ஒரு ஸ்குரூடிரைவர். என்ன கோளாறு என்று கேட்கவில்லை. நான் தாளில் வரிசைப்படுத்தி வைத்திருந்த ஏழு குறிப்பையும் பார்க்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஸ்கேல் போல ஒன்றைப் பிடுங்கினார். அது ராம், அதாவது நினைவகம் என்றார். பிறகு என் பேரன் விட்டுப்போன பென்சில் அழிப்பானைக் கேட்டு வாங்கி அதன் விளிம்பைத் தேய்த்தார்.

"அது எதுக்கு?"

"சஃபாயி, அங்கிள்ஜி."

சுத்தம் செய்கிறாராம். இருபத்தோரு தேய்ப்பு. அழிப்பான் துகளை ஊதினார். அது என் அட்டவணை அடிக்கும் கீபோர்டில் போய் விழுந்தது. ராமைத் திரும்பச் செருகும்போது ஒரு செல்போன் அடித்தது. அதைத் தோளில் இடுக்கிக்கொண்டே ஒரு கையால் செருகினார். பொத்தானை அழுத்தியதும் பெட்டி புதிதாகப் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. காலையில் ஊமையாக இருந்ததற்கு இப்போது அழுகையும் சேர்ந்துவிட்டது.

"மதர்போர்டு கதம். புதுசுதான் வாங்கணும், அங்கிள்ஜி. இல்ல, பெட்டிய குடுங்க, கடைல வெச்சுப் பாக்கறேன். அடுத்த வியாழன்."

"எனக்கு ஞாயிறு வேணும்."

"ஞாயிறு சுட்டி."

அவருக்கு விடுமுறை. அடுத்த மனிதனின் ஞாயிறு எப்படிப் போனால் என்ன. பெட்டியைக் கொடுக்கவில்லை. அவர் இருந்தது மொத்தம் பதினாறு நிமிடம். அதில் பதினொன்று செல்போனுக்கு.

சனிக்கிழமை காலை மனைவி அலமாரியிலிருந்து பயணப் பெட்டியை இறக்கச் சொன்னாள். கூட்டம் முடியட்டும் என்றேன். "இறக்கி வைக்கறதுல என்னங்க குறைஞ்சு போச்சு, தூசி தட்டி வெச்சுக்கறேன்" என்றாள். இறக்கினேன். அதைவிடக் கனமான பொருளை நான் அந்த வீட்டில் தூக்கியதில்லை.

பதினோரு மணிக்கு இரண்டாவது மாடி நர்ஸ் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. இரவு ஷிப்ட் முடிந்தால் மேலே வந்து என் மனைவியின் முழங்கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு அவர்மேல் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆறு மாதமாக என் ரத்த அழுத்தத்தையும் பார்க்கிறார். ஒருநாளும் குறித்துவைத்தது கிடையாது. "நல்லாருக்கு அங்கிள்" என்பார். நல்லாருக்கு என்பது ஒரு அளவா.

அவர் காபியோடு என் மேசைப் பக்கம் வந்தார்.

"என்ன அங்கிள், இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கிய?"

நடந்ததைச் சொன்னேன். மதர்போர்டு போய்விட்டதாம் என்றேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. கிளிப் டப்பாவைப் பார்த்தார்.

"இந்த மூடி எங்கேருந்து வந்துச்சு?"

"அது பாட்டில் மூடிம்மா."

"பாட்டிலுக்கு எவன் சதுர மூடி போடுதான்?" என்று அதை விரலில் எடுத்துத் திருப்பினார். "எங்க வார்டுல மெஷின்ல எதுலயாச்சும் மூடி போட்டிருந்தா, அதுல எதையும் சொருகக் கூடாதுன்னு அர்த்தம். மூடி கையில இருக்குன்னா, ஏதோ ஒரு ஓட்டை தொறந்து கெடக்கு. பெட்டியத் திருப்புங்க, சொல்லுதேன்."

திருப்பினேன். முதுகில் மேலே ஒரு துளை, ஒரு சாண் கீழே இன்னொரு துளை. இரண்டும் ஒரே உருவம், ஒரே அளவு. மானிட்டர் வயர் மேலே இருந்தது. கீழே இருந்தது காலி. மகன் கேமுக்காகச் சேர்த்த கார்டின் துளை அது, படம் அதன் வழியாகத்தான் வரும். நான் துடைத்தபோது மேல் துளையின் மூடி ஈரத்துணியோடு வந்திருக்கிறது. மறுநாள் மூடியில்லாத அந்தத் துளையில் மூன்றாம் எண் வயர் சுகமாக நுழைந்துவிட்டது. ஒன்பது வயரை எண்ணினவன் துளைகளை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் ஒன்று மிச்சம் வந்திருக்கும்.

"வருசா வருசம் இப்படித்தான் குளிப்பாட்டுவியளா?" என்றார் நர்ஸ். மனைவி சிரித்தாள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

வயரைக் கீழே மாற்றிப் பொத்தானை அழுத்தினேன். பெட்டி அதே மாதிரி கத்தியது. மானிட்டர் கறுப்பு. அந்த ஒரு நிமிடம் எனக்கு அற்பமான ஒரு திருப்தி இருந்தது. நர்ஸுக்கும் தெரியவில்லை என்ற திருப்தி. அதற்குள் அந்தப் பயணப் பெட்டி கண்ணில் பட்டுவிட்டது.

"இது அலாரம், அங்கிள். சும்மா கத்தாது. எத்தன தடவ கத்துது, எண்ணுங்க. அதத்தான நீங்க செய்வீய."

மகனைக் கூப்பிட்டேன். மறுபடி கால் வருகிறது என்று சொல்லுமுன் பீப் அடிக்கிறது என்றேன். இந்த முறை அவன் குரல் மாறியது.

"எத்தனப்பா? கரெக்டா சொல்லுங்க."

முப்பத்தோரு வருடமாக அவனுக்கு நான் தகப்பன். அவன் என்னிடம் ஒரு எண்ணிக்கை கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்று சுற்று கேட்டுவிட்டுச் சொன்னேன். மூன்று நீளம், சின்ன இடைவெளி, மறுபடி மூன்று நீளம்.

"அப்ப ராம் சரியா உக்காரலப்பா. போர்டு எல்லாம் போகல. யாராவது கழட்டினாங்களா?"

அழிப்பான் கதையைச் சொன்னேன். அவன் ஹிந்தியில் ஒரு வார்த்தை சொன்னான். அந்த மெக்கானிக்கைப் பற்றி எனக்கும் அதே கருத்துதான். நான் தமிழில் வைத்திருந்தேன்.

"மெயின் பிளக்க புடுங்கிட்டு, ரெண்டு ஓரத்துலயும் கட்டைவிரல வெச்சு அழுத்துங்க. ரெண்டு பக்கமும் டக்னு சத்தம் வரணும்."

அழுத்தினேன். ஒரு பக்கம்தான் சத்தம் வந்தது. மறுபக்கம் நர்ஸ் அழுத்தினார். வந்தது. பிளக்கைச் சொருகிப் பொத்தானைத் தட்டியதும் ஒரே ஒரு சின்னப் பீப், அதற்குப்பின் மானிட்டரில் வெளிச்சம். அட்டவணையைத் திறந்து கடைசி வரிக்குப் போனேன். நூற்று நாற்பத்து மூன்று. ஆறு நகல் அச்செடுத்தேன். ஒரு நகலுக்கு நான்கு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முப்பத்திரண்டில் இருபத்தேழு வீட்டார் வந்தார்கள். லிஃப்ட் அன்று ஓடியதால் என் மனைவியும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். தரைத்தளத்துக்காரர்கள் தாங்கள் லிஃப்டில் ஏறுவதே இல்லை என்பதைப் பெரிய தத்துவம் போல மாறிமாறிச் சொன்னார்கள். செக்ரட்டரி முத்திரை குத்திய ஒன்பதை வாசித்தார். நான் எழுந்து முதல் வரியிலிருந்து படித்தேன். முப்பதாவது வரி வரும்போது பத்தொன்பது பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள்ஜி, கொஞ்சம் ஷார்ட்டா" என்றார் செக்ரட்டரி.

படிப்பதை நிறுத்தி நகல்களைக் கொடுத்துவிட்டேன். காண்டிராக்டரின் ஒன்பதும் என் பட்டியலிலும் அதே தேதியில் இருக்கிறது, மீதி நூற்று முப்பத்து நான்கு முறை அவர் வந்ததே இல்லை என்று மட்டும் சொன்னேன். அது யார் காதிலும் விழவில்லை. ஆனால் ஏழாவது மாடிப் பெண் நகலைப் புரட்டி, "இதோ, என் பையன் மாட்டிக்கிட்ட நாள்" என்று ஹிந்தியில் சொன்னார். உடனே எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் தன்னைத் தேடினார்கள். ஒருவருக்கு மாமனார் சிக்கிய மாலை, ஒருவருக்கு ரயிலைத் தவறவிட்ட காலை, செக்ரட்டரிக்கே இரண்டு வரி இருந்தது. நூற்று நாற்பத்து மூன்று யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கு ஒன்றோ இரண்டோ போதுமாயிருந்தது. இவர்களுக்காகவா பத்தி பத்தியாக அடித்தேன் என்று இருந்தது.

கை எண்ணினார்கள். மாற்ற வேண்டும் என்று பதினேழு, வேண்டாம் என்று பத்து. நானும் எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் ஏதாவது சொல்வதற்குள் செக்ரட்டரி மறுபடி மைக்கைப் பிடித்தார். புது லிஃப்ட் பொருத்த நான்கு மாதம் ஆகுமாம். அதுவரை லிஃப்டே கிடையாதாம். இதைக் கை தூக்குவதற்கு முன் சொல்ல வேண்டும் என்று இருபத்தேழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அப்ப நான் எப்படியும் போகோணும்" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"நாலு மாசம்தானே."

"நீங்களும் வாங்க."

"இவனுக பொருத்தறத யாரு பாக்கறது?"

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

வேலை திங்கட்கிழமை தொடங்கும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அவளுக்கு அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தேன். சனிக்கிழமை மாலையே லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். சொன்ன நாளில் ஒன்றைச் செய்வது இந்த ஊரில் யாருக்கும் கைவராத கலை. அதனால் அவள் படியில்தான் இறங்க வேண்டியிருந்தது. ஒரு கை என் தோளில், ஒரு கை கைப்பிடியில். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பிறகு அடுத்த படி. நான்கு இடத்தில் உட்கார்ந்தாள். கீழே வந்து சேர முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. நர்ஸ் பயணப் பெட்டியோடு முன்னாலேயே போய் ஆட்டோவை நிறுத்திவைத்திருந்தார்.

ஆட்டோவில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். "எத்தனைங்க?"

"எழுபத்திரண்டு."

"எழுபத்தொண்ணு. என்ற மூட்டு எண்ணுச்சு."

"எழுபத்திரண்டு."

"சரி விடுங்க, ஜல்தி ஏறுங்க, வண்டி போயிரும்."

ஸ்டேஷனில் அவளை ஏற்றிவிட்டுத் திரும்பியதும் எண்ணிக்கொண்டே ஏறினேன். எழுபத்திரண்டுதான். செல்போனில் கூப்பிட்டுச் சொன்னேன். வண்டி ஆக்ராவைத் தாண்டியிருந்தது. சரியாகக் கேட்கவில்லை என்றாள். இன்னொரு முறை சொன்னேன்.